மெசேஜ் அனுப்பிய வகையில்

கணக்கை மூடணும். அவ்வளவுதான் சொல்லணும், வேற ஒண்ணும் சொல்லக் கூடாது. கணக்கை மூடணும் பாப்பா, இந்தா பாஸ்புக்கு, இந்தா கார்டு, என் பேரு பஞ்சவர்ணம், மிச்சம் இருக்கிறதைக் குடுத்துரு, நான் பாட்டுக்குப் போறேன். வீட்ல இருந்து இதையே சொல்லிக்கிட்டு வந்து, பஸ்ல கண்டக்டர் எங்கம்மா போகணும்னு கேட்டதுக்கு கணக்கை மூடணும்னு சொல்லிட்டேன், அந்தாளு என்னை ஏற எறங்கப் பார்த்துட்டு ஓசி டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போனான். இங்க வந்து உக்கார்ந்ததும் வாய் காஞ்சுபோச்சு. வெளியில ஆடிக் காத்து மண்ணை வாரித் தூத்துது, உள்ள ஏசி, இரும்பு நாற்காலி முதுகுல சில்லுன்னு ஏறுது, டோக்கன் மட்டும் கையில நனைஞ்சு கெடக்கு. என் மக வினோ வேலை பார்த்த இடம் இது. அந்த மூணாவது மேசை. அவ இங்க இருந்தப்ப ஒரு தடவைகூட நான் உள்ள வந்ததில்ல, டிபன் பாக்ஸை மறந்துட்டுப் போன அன்னைக்குக்கூட வாசல்ல செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டுப் போயிட்டேன், என் சேலையைப் பார்த்து நாலு பேரு அவளை எளக்காரமா பார்த்துரக் கூடாதுன்னு. இப்ப அதே மேசையில வேற பொண்ணு, அதே நீலக் கோட்டு, அதே இறுக்கிக் கட்டுன கொண்டை. சிரிக்கிறப்ப கண்ணு சிரிக்கலை. வினோவும் அப்படித்தான் சிரிக்கப் பழகினா, சமையக்கட்டுல தட்டைப் பார்த்துக்கிட்டே பழகினா, நான் என்னடி இளிக்கிறன்னு கேட்டேன், டிரெய்னிங்மான்னா. போன வாரம் அந்த மூலையில இருக்கிற மிசின்ல பாஸ்புக்கை விட்டேன், கரகரன்னு ரெண்டு பக்கம் அடிச்சுத் தள்ளுச்சு, எல்லாம் இங்கிலீசு, ஜெராக்ஸ் கடைக்காரர்தான் வாசிச்சுச் சொன்னாரு. ப்ளவுஸ் தைச்ச காசை நான் போட்டது நாலே வரி. மத்த வரியெல்லாம் அவங்க எடுத்தது. மினிமம் பேலன்ஸ் இல்லாத வகையில் இவ்வளவு, அந்த அபராதத்துக்கு வரி இவ்வளவு, கார்டுக்கு வருசக் காசு, மெசேஜ் அனுப்பிய வகையில் இவ்வளவு. காசு இல்லைன்னு காசு எடுக்கிறாங்க. இருக்கிறவன்கிட்ட எடுக்க மாட்டாங்களாம், அவனுக்கு வட்டி வேற குடுப்பாங்களாம். சரி, அது போகட்டும், எந்த மெசேஜ்? சிலிண்டர்காரன் எனக்கு மெசேஜ் அனுப்புறான், ரேஷன்ல இருந்து வருது, லோன் வேணுமான்னு எவனோ ஒருத்தன் தெனமும் கேக்குறான், இந்த பேங்க்ல இருந்து ஒரு நாள் ஒரு பொழுது ஒண்ணும் வந்ததில்ல. வராத மெசேஜுக்கு நான் ஏன் காசு குடுக்கணும்? அதைக் கேக்கணும். வேண்டாம், கேட்டா பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தா இந்தப் பொண்ணு இங்கிலீசுல ஏதாச்சும் சொல்லும், நான் சரி சரின்னு தலையை ஆட்டிட்டு வந்துருவேன். என் லட்சணம் எனக்குத் தெரியாதா. கணக்கை மூடணும், அதோட நிறுத்திக்கணும்.

பணியாரம் சுடுற ஒச்சம்மாகிட்ட வேற சொல்லிட்டு வந்திருக்கேன். இன்னைக்கு என்னோடதை மூடிட்டு எப்படி என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வர்றேன், நாளைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னு. அவ பணியாரக் குழியில எண்ணெய் தடவிக்கிட்டே இருந்தா. திட்டித் தொலைச்சிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். எங்க தெருவுல அவ வாய்க்கு எதுத்த வாய் கெடையாது, தண்ணி லாரிக்காரனே ஒச்சம்மா குடத்தை மொதல்ல ரொப்பிட்டுத்தான் மத்ததைப் பார்ப்பான். அவ எங்கிட்ட மட்டும் சத்தம் போடலை. உன் மக சொன்னாளேன்னுதான் வச்சேன் மதினின்னா, அவ்வளவுதான். வச்சேன்னா ரேகை வச்சேன்னு அர்த்தம். எங்க வீட்டு நடுவுல தைய மிசினை ஓரமாத் தள்ளிட்டுப் பாய் விரிச்சு, வினோ உக்கார்ந்து பாரம் எழுத, ஒவ்வொருத்தியா வந்து வந்து வச்சுட்டுப் போனாளுக. நான்தான் வீடு வீடாப் போயிக் கூட்டிட்டு வந்தேன். என் மக பேங்க்ல சேர்ந்திருக்கா, ஒரு மாசத்துக்குள்ள இத்தனை கணக்கு பிடிச்சுத் தரணுமாம், இல்லைன்னா வேலையில வைக்க மாட்டாங்களாம், உங்க கையில இருந்து ஒரு பைசா போகாது, ஜீரோ பேலன்ஸு, ஒரு கையெழுத்துத்தான்னு. எல்லாரும் வந்தாளுக, ஏன் வர மாட்டாளுக, யாரு வீட்டு விசேசத்துக்கு நான் ஓடலை, யாரு மக சடங்குக்கு நான் ராவும் பகலுமா ப்ளவுஸ் தைச்சுக் குடுக்கலை. எல்லாருக்கும் காப்பி போட்டுக் குடுத்தேன். பாலு பத்தாம ஒச்சம்மாவே போயி அவ வீட்டுல இருந்து பாலு எடுத்துட்டு வந்தா. அவளோட காப்பிக்கு அவளே பாலு கொண்டாந்து, எங்க வீட்டுல குடிச்சுட்டு ரேகை வச்சுட்டுப் போனா. ஜீரோ பேலன்ஸு ஒரு வருசத்துக்குத்தான்னு யாருக்குத் தெரியும். ஒரு வருசம் கழிச்சு அதுவே மினிமம் பேலன்ஸ் வேணுங்கிற வேற கணக்கா மாறிருமாம், அது அந்தப் பாரத்துல பொடி எழுத்துல இருந்துச்சாம். வினோவுக்குத் தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சிருக்காது. சின்னப் பொண்ணு, மேல இருக்கிறவன் சொன்னதைச் சொல்லியிருப்பா. அவளுக்கு எப்படித் தெரியும்.

அரசாங்கம் போடுற ஆயிரம் ரூவா ஒச்சம்மாவுக்கு இந்தக் கணக்குலதான் விழுந்துக்கிட்டிருந்துச்சு. விழுந்த அன்னைக்கே எடுத்துட்டு வந்துருவா, முட்டிக்குத் தைலம், மாத்திரை, மிச்சத்துல அரிசி. ஒரு மாசம் போனா, முழுசாக் குடுக்கலை மிசின். அடுத்த மாசம் அதுலயும் பாதி. அவ என்ன நினைச்சா, தாலுகா ஆபீசுல எவனோ பேரை மாத்திட்டான்னு நினைச்சுட்டா. திங்கக்கிழமை மனு குடுக்கிற எடத்துல போயி வெயில்ல நின்னா, அந்த முட்டியை வச்சுக்கிட்டு. நான்தான் மனு எழுதிக் குடுத்தேன், எனது உரிமைத் தொகையைப் பெற்றுத் தருமாறுன்னு என் கையாலயே எழுதிக் குடுத்தேன். அங்க இருந்த ஆபீசர் கம்ப்யூட்டர்ல பார்த்துட்டுச் சொல்லியிருக்காரு, அம்மா காசு ஒழுங்காத்தான் போகுது, பேங்குதான் எடுத்துக்கிறான், உங்களுக்கு அந்த பேங்க்கை யாரு காட்டுனதுன்னு. யாரு காட்டுனதுன்னு கேட்டிருக்காரு. ஒச்சம்மா என் பேரைச் சொல்லலையாம். கூடப் போன ரோசலின் வந்து சொன்னா, கேட்டதுக்கு இவ வாயே திறக்கலைக்கான்னு. அதுக்கப்புறம்தான் ஒவ்வொருத்தியாப் பாஸ்புக்கைத் தூக்கிட்டு ஓடிப் பார்த்தா, எல்லார் கணக்குலயும் இதே கதை. இப்ப குழாயடியில நான் போனாப் பேச்சு நிக்குது. ப்ளவுஸ் துணி குடுத்திருந்தவ ரெண்டு பேரு அவசரமில்லைக்கா, பெறகு பார்த்துக்கலாம்னு வாங்கிட்டுப் போயிட்டாளுக. நாளைக்கு நான் செத்தா இந்தத் தெருதானே தூக்கணும்.

மூடிட்டு எங்க போடுறது, அது அடுத்த கேள்வி. போஸ்ட் ஆபீசுல போடலாம்னா, அங்க அந்த ஒத்தக் கவுண்டர், ஒரு நாள் சர்வர் இல்லைங்கிறாரு, மறுநாள் ஆள் இல்லை, அதுக்கு மறுநாள் எனக்குத் தையல் இருக்கும். சொசைட்டி பேங்க்ல போட்டு வச்ச வினோ அப்பா காசு என்னாச்சுன்னு எனக்குத் தெரியும், அந்த மனுசன் சாகுறவரைக்கும் வந்துரும் வந்துரும்னே சொல்லிக்கிட்டிருந்தாரு, ஆஸ்பத்திரிக் கட்டில்லகூடக் கேட்டாரு, சொசைட்டியில ஏதும் சொன்னாங்களா பஞ்சுன்னு. சீட்டுப் போடலாம்னா சீட்டுக்காரி ஓடிப்போன வருசம் நான் பட்டது போதும். அரிசி டிரம்முல போட்டு வைக்கலாம், ஆயிரம் ரூவா நோட்டு செல்லாதுன்னு சொன்ன ராத்திரி அப்படி வச்சிருந்தவ கதியும் பார்த்தாச்சு. காசு சேர்க்கிறது கஷ்டம்னு சொல்லுவாங்க, சேர்த்த காசை வைக்கிறதுக்கு ஒரு எடம் கெடைக்கலையே எனக்கு. பெரிய பேங்க்ல போயி நின்னா, எதுக்கும்மா இங்க வர்றீங்க, உங்க ஏரியாவுக்கு வேற கிளைம்பாங்க. அந்தக் கிளையில நின்னா ஆதார்ல பேரு பஞ்சவர்ணம், ரேஷன் கார்டுல பஞ்சவர்ணம்மாள், எது நீங்கன்னு கேப்பாங்க. இதுல வினோ இன்னைக்குக் காலையில போன் பண்றா. நான் ஊக்கு தைச்சுக்கிட்டிருக்கேன், வாயில ஊசி, தோள்ல போனை இடுக்கிக்கிட்டுப் பேசுறேன். கோயமுத்தூர்ல இந்தப் புது பேங்க்ல சேர்ந்து ஆறு மாசம் முடியப்போகுதாம், இந்த மாசக் கடைசிக்குள்ள பத்துக் கணக்கு காட்டினாத்தான் வேலை நிரந்தரமாம், எட்டாவது மாடி ஆபீசுல மேனேஜர் எல்லார் முன்னாடியும் கேக்குறானாம், உங்க வீட்ல மனுசங்களே இல்லையான்னு. அம்மா, நம்ம தெருவுல ஒரு பத்துப் பேரும்மா, ஆதார் போட்டோ மட்டும் அனுப்பிவிடு, இங்க நிஜமாவே ஜீரோ பேலன்ஸும்மா. நிஜமாவேன்னு ஒரு வார்த்தை போட்டா. ஊசியை எடுத்துட்டு, முடியாதுடின்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள அவ குரல் உடைஞ்சுருச்சு. பாத்ரூம்ல நின்னு பேசுறேன்மான்னா. தண்ணி விழுற சத்தம் கேட்டுச்சு. எட்டாவது மாடின்னு அவ சொன்னதுல இருந்து, அங்க ஜன்னலுக்குக் கம்பி இருக்குமான்னே நினைச்சுக்கிட்டிருக்கேன். போன தடவை வந்தப்ப தலை சீவி விட்டேன், சீப்பு முழுக்க முடி. கல்லூரி வாசல்ல கொடையை நட்டு வெயில்ல நிக்க விடுறாங்களாம், அக்கவுண்ட் வேணுமா சார் அக்கவுண்ட் வேணுமா சார்னு, பி.காம் படிக்க வச்சது அதுக்கா. பார்க்கிறேன்மா, அழாதன்னு சொன்னேன். ஒச்சம்மாவுக்கும் வாக்குக் குடுத்திருக்கேன், இவகிட்டயும் பார்க்கிறேன்னு சொல்லியிருக்கேன். நான் ஒருத்தி எத்தனை பேருக்குத்தான் பார்க்கிறது.

என் நம்பரைக் கூப்பிடுறாங்க. மூணாவது மேசைதான். வணக்கம்மா சொல்லுங்கன்னு அந்தப் பொண்ணு சிரிச்சுச்சு, நான் படிச்சு வச்ச மாதிரியே கணக்கை மூடணும் பாப்பான்னு சொல்லிட்டேன். ஏம்மா, எங்க சர்வீஸ்ல ஏதாவது குறையான்னு கேட்டுச்சு. ஒண்ணும் குறையில்ல பாப்பா, எங்கிட்டதான் காசு குறைன்னேன். அதுக்கு அது சிரிக்கலை. மூடுறதுக்கும் ஒரு கட்டணம் உண்டும்மான்னு மெல்லச் சொல்லுச்சு. சரி எடுத்துக்கன்னேன். பாஸ்புக்கை வாங்கித் தட்டிக்கிட்டே இருந்துச்சு, வாய் சும்மா இருக்குதா எனக்கு, கேட்டுட்டேன், மெசேஜுக்குக் காசு எடுத்திருக்கீங்களே பாப்பா, எனக்கு ஒரு மெசேஜும் வர்றதே இல்லையேன்னு. திரையைப் பார்த்துச்சு. போகுதேம்மா, தவறாமப் போயிருக்கே, உங்க நம்பர் கடைசியில முப்பத்தஞ்சு முப்பத்தஞ்சுதானேன்னுச்சு. முப்பத்தஞ்சு முப்பத்தஞ்சு வினோவோட நம்பர். அவ இங்க இருந்தப்ப வச்சிருந்த பழைய நம்பர், எனக்கு அவ ஜாதகம்கூட மறந்துபோகும், அது மறக்காது. அந்தப் பொண்ணு குனிஞ்சு பார்த்துட்டு, இதே நம்பர் இன்னும் ஏழெட்டுக் கணக்குக்கும் குடுத்திருக்காங்கம்மா, எல்லாம் உங்க தெரு விலாசம்தான், இப்படிக் குடுக்கக் கூடாதேன்னுச்சு. அன்னைக்கு ரேகை வைக்க வந்தவ யாரு போனை எடுத்துட்டு வந்தா, பாரத்துல கட்டம் காலியா இருந்தா வாங்க மாட்டாங்க, அவசரத்துல அவ நம்பரைப் போட்டிருப்பா, அதுல தப்பில்ல, யாரும் செய்யறதுதான். அதுல தப்பில்லைன்னு ரெண்டு தடவை சொல்லிக்கிட்டேன். அப்புறம்தான் புத்தியில உறைக்குது. சித்திரை வருசப் பொறப்புக்கு வீட்டுக்கு வந்திருந்தா. அந்தப் பழைய போன்ல மெசேஜ் வந்தா குருவி கத்துற மாதிரி ஒரு சத்தம். அன்னைக்குச் சாப்பிட உக்கார்ந்தா குருவி விடாம கத்துது, ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு. யாருடி இப்படி அனுப்புறாங்கன்னு கேட்டேன். கம்பெனிக்காரன்மா, சும்மா விளம்பரம்னு சொல்லிட்டுப் போனைக் கவுத்துப் போட்டுட்டு ரசம் ஊத்திக்கிட்டா. ஒச்சம்மாவுக்குப் பிடிச்சது, ரோசலினுக்குப் பிடிச்சது, எனக்குப் பிடிச்சது. வரிசையா வந்திருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம அவ கையில வந்து விழுந்திருக்கு. ஒச்சம்மா வெயில்ல மனுவோட நின்னதை நான் போன்ல சொல்லிச் சொல்லி அழுதப்ப, அச்சச்சோ பாவம்மான்னா. தெரிஞ்சுக்கிட்டே சொல்லியிருக்கா. என் வயித்துல பொறந்தது.

அம்மா, இப்ப எல்லாத்துக்கும் ஓடிபிதான், அந்த நம்பருக்கு அனுப்பியிருக்கேன், யாருகிட்ட இருக்கோ கேட்டுச் சொல்லுங்க, சொன்னா உடனே மூடிரலாம்னுச்சு பொண்ணு. அப்ப அவகிட்டதான் கேக்கணுமா. வேற வழி இல்லையான்னு கேட்டேன், இன்னைக்கே மூடணும்னா இல்லைம்மான்னுச்சு. பகல்ல ஆபீஸ்ல குடுத்த போன்லதான் அவ எடுப்பா. போட்டேன். ரெண்டாவது மணியிலயே எடுத்துட்டா, அம்மா, கேட்டியா, எத்தனை பேரு சொல்லியிருக்காங்கன்னா, குரல்ல அப்படி ஒரு ஆசை. நான் பேங்க்ல இருக்கேன்டி, உன் பழைய பேங்க்ல, என் கணக்கை மூடுறேன், உன் பழைய போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்காம், பார்த்துச் சொல்லுன்னேன். வேற ஒண்ணும் கேக்கலை நான். ஏன்டி மறைச்சன்னு கேக்கலை. ஏசி மிசின் உறுமுறது கேட்டுச்சு, இங்கயா அங்கயான்னு தெரியலை. பழைய போனாம்மா, அது சார்ஜ் இல்லாம கெடக்கு, ஒண்ணும் வரலையேன்னா. வரலையாம்னு பொண்ணுகிட்டச் சொன்னேன். திரும்ப அனுப்புறேம்மான்னு ஒரு தட்டுத் தட்டுச்சு. நான் போனைக் காதுல அழுத்திப் பிடிச்சுக்கிட்டிருக்கேன். கேட்டுச்சு. அவ பக்கத்துல, கைக்கெட்டுற தூரத்துல, குருவி கத்துச்சு. அவளும் கேட்டிருப்பா, நான் கேட்டது அவளுக்கும் தெரிஞ்சிருக்கும். இன்னும் வரலைம்மான்னா. மூடிட்டா அவளுக்கு என்ன, ஒரு தெருவே அவ பேச்சை நம்பாதுன்னு ஆயிரும், பத்துப் பேரு இல்லைன்னு ஆயிரும், அவ்வளவுதானா, இல்ல அந்த எட்டாவது மாடியா, எனக்கு ஒண்ணும் ஓடலை. என்னம்மா, வந்துச்சான்னு பொண்ணு கேக்குது. ரெண்டு பேரு நிக்கிறாங்க என் பின்னாடி. போன் காதுலயே இருக்கு, நான் இங்க சொல்றது அவளுக்கு அங்க கேக்கும். வந்திருக்கு பாப்பா, என் மக குடுக்க மாட்டேங்குறான்னு சொல்லலாம். சொல்லணும். ஒச்சம்மா முட்டிக்காவது சொல்லணும். வரலையாம் பாப்பா, அங்க டவர் இல்ல போலன்னு சொன்னேன்.

அந்தப் பக்கம் மூச்சு விடுறது கேட்டுச்சு. அப்புறம் ரொம்பச் சின்னக் குரல்ல, தேங்க்ஸ்மான்னா. சொல்லிட்டு வச்சுட்டா. பெத்து இத்தனை வருசத்துல அவ எனக்கு அந்த வார்த்தையைச் சொன்னதில்ல. கம்மலை வித்துக் காலேஜ் பீஸ் கட்டினப்ப சொன்னதில்ல, காமாலையில கெடந்தவளைத் தூக்கிட்டு ஓடினப்ப சொன்னதில்ல, எந்த வீட்டுல புள்ள ஆத்தாளுக்கு தேங்க்ஸ் சொல்லும். கஸ்டமருக்குச் சொல்லப் பழகின வார்த்தை அது. நம்பரை மாத்தணும்னா பாரம் எழுதிக் குடுங்கம்மா, ஒரு வாரத்துல மாத்திருவோம், மாத்தினதும் பழைய நம்பருக்கு ஒரு மெசேஜ் போகும், வேற ஒண்ணுமில்லைன்னு பொண்ணு சொல்லுது, பெறகு வர்றேன் பாப்பான்னு பாஸ்புக்கை வாங்கிக்கிட்டு வெளியில வந்துட்டேன். கண்ணுல மண்ணு அடிக்குது. ஒச்சம்மா இந்நேரம் கரண்டியும் கையுமா வாசலைப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருப்பா. மூடியாச்சா மதினின்னு கேப்பா. டவர் இல்லைன்னு அவகிட்டயும் சொல்லுவேன். அவ நம்புவா.